கார்டின்மேல் பழி போடுமுன்: ஸ்டூடியோ நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் ஊர்கள்தோறும் கல்யாண ஆல்பம் அமைத்தும், வீடியோ தொகுத்தும், அழைப்பிதழும் பிளெக்ஸும் வடிவமைத்தும் ஜீவனம் நடத்திவரும் அன்பர்களுக்கு,



தை பிறந்து முகூர்த்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கும் காலத்தில், வருஷக்கணக்காக உழைத்துக் களைத்த பழைய கணினியில் புதிய கேமராக்களின் 4கே வீடியோ நகர மறுப்பதைக் கண்டு மனம் சலித்து, கைக்கு வந்த முன்பணத்தில் ஒரு பங்கை எடுத்துப் புதிய கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கி வந்து, பழையதைக் கழற்றிப் புதியதைச் சொருகிச் சுவிட்சைப் போட்டதும், விசிறி சுழல்வதும் விளக்கு எரிவதுமாக உள்ளே எல்லாம் சுகமாக நடப்பதுபோல் தோன்ற, மானிட்டர் மட்டும் ‘நோ சிக்னல்’ என்று ஒரு வரி காட்டிவிட்டு இருண்டுபோகும் அந்தக் கணத்தின் வேதனை உங்களுள் பலருக்குப் புதியதன்று. அப்போது வாயில் முதலில் வருகிற வாக்கியம் ‘கார்டு போச்சு’ என்பதுதான். விற்றவரோ, ‘நாங்கள் கொடுக்கும்போது நன்றாகத்தான் இருந்தது’ என்று சாதிப்பார். இருவருக்குமிடையே வார்த்தை தடித்து, ஆல்பம் கேட்டு வரும் பெண் வீட்டாருக்குப் பதில் சொல்ல வழியில்லாமல் ஒரு வாரம் வீணாகும்.

கார்டு கெட்டிருக்கலாம், கெடாது என்று நான் சத்தியம் செய்ய வரவில்லை. ஆனால் அது விசாரணையின் முடிவில் வழங்க வேண்டிய தீர்ப்பு. அதற்கு முன் கேட்டே தீரவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: படம் எந்தக் கணத்தில் மறைகிறது? சுவிட்ச் போட்டது முதலே இருளா, மதர்போர்டின் சின்னம் தோன்றி மறைந்து விண்டோஸ் எழும் தறுவாயில் இருளா, வேலையின் நடுவே திடீரென்று இருளா, அல்லது இருள் என்பதே இல்லாமல் நிறமும் எழுத்தும் மாத்திரம் விகாரப்பட்டு நிற்கின்றனவா? கடைமடைக்குத் தண்ணீர் வராதபோது விவரம் தெரிந்த குடியானவன் ஆற்றைத் திட்டிக்கொண்டு நிற்பதில்லை. மதகிலிருந்து தொடங்கி வாய்க்காலோடு நடந்து, எந்த இடம்வரை ஈரம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வருவான். எஸ்.எம்.பி.எஸ். தரும் மின்சாரம், மதர்போர்டின் ஸ்லாட், பயாஸ், கார்டு, டிரைவர், கேபிள், மானிட்டர் என்று படம் கடந்துவர வேண்டிய ஸ்தானங்களும் பல. எந்த ஸ்தானம்வரை வந்தது என்று தெரிந்துகொள்ளாமல் பாகங்களை ஒரே வேளையில் மாற்றிப் போடுகிறவர், தற்செயலாகப் படம் வந்துவிட்டாலும் எதனால் வந்தது என்பதை அறியமாட்டார். அடுத்த முகூர்த்தத்தில் அதே சங்கடம் மறுபடியும் வாசலில் வந்து நிற்கும்.

முதலிலிருந்தே இருள் என்றால், கம்பி இணைப்புள்ள கீபோர்டில் கேப்ஸ் லாக் விசையை அழுத்திப் பாருங்கள். அதன் சிறு விளக்கு ஒவ்வோர் அழுத்தலுக்கும் எரிந்தும் அணைந்தும் பதில் சொல்லுமானால், இருண்ட திரைக்குப் பின்னால் கணினி உயிரோடுதான் இருக்கிறது, பெரும்பாலும் விண்டோஸ்வரைகூடப் போயிருக்கிறது என்று அர்த்தம். உங்கள் கவனம் அப்போது கேபிளையும் மானிட்டரையும் டிரைவரையும் நோக்கித் திரும்பவேண்டும். விளக்கு அசையவில்லை என்றால் கோளாறு அதற்கும் முந்தைய இடத்தில் இருக்கிறது: மின்சாரம், ஸ்லாட், அல்லது கார்டைச் சொருகும்போது முழங்கை பட்டு அரைகுறையாக எழும்பிவிட்ட ராம். இந்த ராம் விஷயத்தை எளிதாக நினைக்கவேண்டாம். கார்டின் ஸ்லாட்டும் ராமின் கொக்கியும் நெருங்கியிருக்கும் பழைய போர்டுகளில் ஒன்றைத் தொட்டால் மற்றொன்று நகரும். பழியோ புதிதாக வந்த கார்டின் தலையில் விழும்.

கணினி உயிரோடிருந்தும் படம் வராதபோது, சிபியு பெட்டியின் பின்புறத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பாருங்கள். மேற்பகுதியில் யுஎஸ்பி, ஆடியோ, நெட்வொர்க் துளைகளின் கூட்டத்தோடு நிற்கும் எச்டிஎம்ஐ துளை மதர்போர்டைச் சேர்ந்தது. அதற்குக் கீழே குறுக்காகப் படுத்த தகட்டில் வரிசையாக இருப்பவையே கார்டின் துளைகள். பழக்கத்தினால் கை மேலே உள்ள துளையிலேயே கேபிளைச் சொருகிவிடும். பல மதர்போர்டுகள் தனிக் கார்டு ஒன்று வந்துவிட்டதைக் கண்டதும் பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸைத் தாமாகவே அணைத்துவிடுவதால், நேற்றுவரை படம் காட்டிய துளை இன்று செத்துப்போனதாகத் தோன்றும். பெயரின் கடைசியில் ‘எஃப்’ என்ற எழுத்துடைய இன்டெல் பிராசஸர்களிலும், 7000 வரிசைக்கு முற்பட்ட ‘ஜி’ எழுத்தில்லாத ரைசன் டெஸ்க்டாப் பிராசஸர்களிலும் உள்ளுக்குள் கிராபிக்ஸே கிடையாதாகையால், மேல் துளை எக்காலத்திலும் படம் காட்டாது. கேபிளைக் கீழே மாற்றிப் போடுவது ஒரு கைவேலை. அதைச் செய்து பார்க்காமல் கார்டைப் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு சென்னைக்குப் பஸ் ஏறியவர்கள் உண்டு.

நல்ல மானிட்டரை எளிதில் விட மனம் வராத குணம் நம்மிடம் உண்டு. அது நல்ல குணந்தான். ஆனால் ஐபிஎம் 1987-இல் கொண்டுவந்த 15 ஊசி விஜிஏ இணைப்பு மட்டுமே உள்ள மானிட்டரை இன்றைய கார்டோடு சேர்ப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1080 முதலாக என்விடியாவும், அதற்கும் முன்பே 2013-இன் ஆர்9 290 முதலாக ஏஎம்டியும், தங்கள் பெரிய கார்டுகளின் டிவிஐ துளையிலிருந்து அனலாக் சமிக்ஞையை அகற்றிவிட்டன. துளையை உற்றுப் பார்த்தால் தெரியும்: தட்டையான ஒரு பிளவைச் சுற்றி நான்கு சிறு துளைகள் இருந்தால் அனலாக் உண்டு; பிளவு மட்டும் இருந்தால் இல்லை. மேஜை டிராயரில் கிடக்கும் பழைய டிவிஐ–விஜிஏ முனையில் அந்த நான்கு ஊசிகளும் நீட்டிக்கொண்டிருக்கும். ‘ஏன் போகமாட்டேன் என்கிறது’ என்று அழுத்தி, ஊசியை வளைத்து, துளையையும் பாழாக்கிக்கொள்ளாதீர்கள். வேண்டியது சமிக்ஞையை மாற்றித் தரும் மின்னணுச் சில்லு உள்ள கன்வெர்ட்டர். அதிலும் எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்குப் போவது வேறு, விஜிஏவிலிருந்து எச்டிஎம்ஐக்கு வருவது வேறு. டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்குச் செல்லும் சாதாரண கேபிளுக்கும் இவ்விதமான ஒருவழிப் போக்கு உண்டு. கார்டின் பக்கம் டிஸ்ப்ளேபோர்ட் இருந்தால் வேலை செய்யும் அக்கேபிள், திருப்பிப் போட்டால் மௌனம் சாதிக்கும்.

டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் மற்றொரு சூட்சுமம். அதன் 20-ஆம் ஊசி மின்சாரம் செல்வதற்கானது. இரண்டு கருவிகளை இணைக்கும் கேபிளில் அந்த ஊசி இரு முனைகளுக்கும் இடையே இணைக்கப்படலாகாது என்பது விதி. விலைகுறைந்த சில கேபிள்களில் அது இணைந்திருப்பதால் மானிட்டரின் மின்சாரம் கார்டுக்குள் புகுந்து, கணினி எழும்பாமலும், அணைத்த பின்னும் விளக்கு எரிந்துகொண்டும் விபரீதங்கள் நேரும். கேபிளைக் கழற்றினால் கணினி எழும்புகிறது, மாட்டினால் எழும்பவில்லை என்று கண்டால் சந்தேகம் இங்கேதான்.

இனி மின்சாரம். இது பற்றிச் சற்று விஸ்தாரமாகவே எழுத வேண்டியிருக்கிறது; ஏனெனில் இங்கே செய்யும் தவறு படத்தோடு நிற்பதில்லை, சில வேளைகளில் புகையோடு முடிகிறது. மதர்போர்டின் ஸ்லாட் ஒரு கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட் தரும். அதற்குமேல் வேண்டுமானால் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து நேராக வரும் கேபிள் வேண்டும்: 6 ஊசி முனை 75 வாட்டும், 8 ஊசி முனை 150 வாட்டும் தருவதற்கானவை. நம்மூர்களில் அலுவலகங்கள் கழித்துவிட்ட, மலிவு விலையில் கிடைக்கும் சிறு கணினிகளை வாங்கி எடிட்டிங்குக்குப் பழக்குவது வழக்கமாகிவிட்டது. அவற்றில் பலவற்றின் எஸ்.எம்.பி.எஸ். இருநூற்றுச் சொச்சம் வாட் உடையது. கார்டுக்கான தனி முனை அதில் இராது. உருவமும் முனையும் கம்பெனிக்கே உரிய தனி அமைப்பாக இருப்பதால் கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்.எம்.பி.எஸ்.ஸை அங்கே வைக்கவும் முடியாது. அத்தகைய பெட்டிக்குள், 170 வாட் விழுங்குவதும் 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். வேண்டும் என்று செய்தவர்களே சொல்லுவதுமான ஆர்டிஎக்ஸ் 3060-ஐக் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும்? முனை மாட்டப்படாத கார்டு ‘மின் கேபிளை இணைக்கவும்’ என்று திரையில் ஒரு வாசகம் காட்டக்கூடும். அல்லது தன் மேல் விளிம்பில் ஒரு சிவப்பு விளக்கை எரித்துக்கொண்டு பேசாதிருக்கும்.

உடனே ஒருவர், ஹார்டு டிஸ்குக்குப் போகும் சாட்டா மின்முனையிலிருந்து 6 ஊசி முனைக்கு மாற்றித் தரும் ஒரு சின்ன ஒயரைக் கொண்டுவந்து கொடுப்பார். அந்த உபகாரத்தை ஏற்காதீர்கள். சாட்டா முனையின் 12 வோல்ட் பகுதி தாங்குவது 54 வாட். அதன் தலையில் 75 வாட்டை ஏற்றினால் பிளாஸ்டிக் உருகும். இவ்விதமான கணினிகளுக்குப் பொருந்துவது, ஸ்லாட்டின் மின்சாரத்திலேயே வாழும் கார்டு. 75 வாட் அளவிலான ஜிடிஎக்ஸ் 1650-இல் முனையில்லாத மாதிரிகளும், 2024-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050-இன் 70 வாட் உள்ள 6 ஜிபி வகையும் அந்த ஜாதி. வேகம் குறைவுதான், ஆனால் முகூர்த்த நாளில் எழும்பும் கணினியின் வேகமே வேகம் என்பது என் அபிப்பிராயம்.

பெரிய பெட்டியும் நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸும் உடையவர்களும் இரண்டு காரியங்களில் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். பிராசஸருக்குப் போகும் 8 ஊசி முனையும் கார்டுக்குப் போகும் 8 ஊசி முனையும் தோற்றத்தில் உடன்பிறந்தவை; ஆனால் ஒன்றில் 12 வோல்ட் இருக்கும் இடத்தில் மற்றொன்றில் கிரவுண்ட். முன்னது நான்கும் நான்குமாகப் பிரியும். பின்னது ஆறும் இரண்டுமாகப் பிரியும். கழற்றி மாட்டும் கேபிள்களுள்ள ஒரு கம்பெனியின் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு மற்றொரு கம்பெனியின் கேபிளைப் போடுவதும் இதே ஆபத்துடையது. கார்டின் பக்கம் முனை ஒரே மாதிரி இருந்தாலும் எஸ்.எம்.பி.எஸ். பக்கம் ஊசிகளின் வரிசைக்குப் பொதுவிதி கிடையாது. மேலும், 2022-இல் ஆர்டிஎக்ஸ் 4090-உடன் பரவலான 600 வாட் திறனுள்ள 16 ஊசி முனை முழுவதும் உட்காராமல் ஒரு நூலளவு இடைவெளி விட்டதனால் உருகிப்போன சம்பவங்கள் உலகமெங்கும் பேசப்பட்டன. பிற்பாடு, முனை முழுவதும் நுழைந்தாலன்றிக் கார்டு மின்சாரம் இழுக்காதபடி உணர்வு ஊசிகளைக் குட்டையாக்கி அதைத் திருத்தினார்கள். கழுத்தை வளைத்துப் பார்த்து, இடைவெளி இல்லை என்று கண்ணால் கண்ட பிறகே பெட்டியை மூடுங்கள்.

ஸ்லாட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுவிட்சை அணைத்துப் பிளக்கையும் பிடுங்கி, பெட்டியின் உலோகத்தைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்சாரத்தைக் கழித்துவிட்டுக் கார்டை வெளியே எடுங்கள். பொன்முலாம் பூசிய விளிம்பில் தூசியோ விரல் எண்ணெயோ படிந்திருந்தால் மென்மையாகத் துடைத்து, மறுபடி ஸ்லாட்டின் கோடியிலுள்ள கொக்கி ‘க்ளிக்’ என்று பிடிக்கும்வரை சமமாக அழுத்துங்கள். பெட்டியின் தகடு வளைந்திருந்தால் திருகை முடுக்கும்போது கார்டின் மறுமுனை ஸ்லாட்டிலிருந்து மெல்ல எழும்பும். திருகியபின் மீண்டும் ஒருமுறை பார்க்கவேண்டும்.

இப்போது விசித்திரமான ஒரு வகைக்கு வருவோம். சுவிட்ச் போட்டது முதல் இருள். பயாஸ் திரையும் தெரியாது. ஆனால் சற்றுப் பொறுத்தால் விண்டோஸ் மாத்திரம் திவ்யமாக வந்து நிற்கும். கார்டு நலமாக இருக்கிறது என்பதற்கு இதைவிட நிரூபணம் வேண்டியதில்லை. பயாஸும் கார்டும் பேசிக்கொள்ளும் பாஷையில்தான் தகராறு. சுமார் 2012-க்கு முற்பட்ட கார்டுகள் பலவற்றில் யுஇஎஃப்ஐ என்னும் புதிய பயாஸ் முறைக்கு வேண்டிய பகுதி கிடையாது. பயாஸில் ‘சிஎஸ்எம்’ என்னும் பழைய முறை அணைக்கப்பட்டிருந்தால் அவற்றால் ஆரம்பப் படத்தைக் காட்ட இயலாது. புதிய கார்டுகளிலும் இது நேர்ந்திருக்கிறது. ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைக் கார்டுகள் புதிய டிஸ்ப்ளேபோர்ட் மானிட்டர்களில் விண்டோஸ் வரும்வரை இருண்டு கிடந்ததற்காக என்விடியா 2018-இல் ஒரு திருத்தக் கருவியை வெளியிட்டது. 2025-இல் ஆர்டிஎக்ஸ் 5060 வரிசைக்கும் அத்தகைய கருவி ஒன்று வந்தது. தாற்காலிகமாக எச்டிஎம்ஐ கேபிளில் எழுப்பி, அக்கருவியைப் போட்டுக்கொண்டால் தீரும். மதர்போர்டின் பயாஸைப் புதுப்பிப்பதாலும் பலருக்கு விமோசனம் கிட்டியிருக்கிறது. ஆனால் பயாஸில் கை வைக்குமுன் இரண்டு எச்சரிக்கை: பழைய முறையில் நிறுவப்பட்ட விண்டோஸ், சிஎஸ்எம்மை அணைத்தால் எழும்பாது, பிட்லாக்கர் பூட்டு போட்ட கணினியானால், பயாஸ் மாறியதைக் கண்டதும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு வழிமறிக்கும். அச்சாவி எங்கே இருக்கிறது என்று முதலில் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணப் படங்கள் பூட்டுக்கு உள்ளே, நீங்கள் வெளியே என்ற நிலைமை சத்துருவுக்கும் வேண்டாம்.

இதற்கு நேர்மாறாக, சின்னம் தெரிந்து, விண்டோஸின் சுழலும் புள்ளிகளும் தெரிந்து, அப்புறம் இருள் என்றால், குற்றவாளி பெரும்பாலும் டிரைவர். முதலில் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். டிரைவர் மறுபடி எழுந்து ஒரு சிறு ஒலியோடு படம் திரும்பினால் நல்லது. இல்லையேல், விண்டோஸ் ஏறிவரும் சமயத்தில் இரண்டு மூன்று முறை பவர் பொத்தானைப் பிடித்து அணைத்தால் பழுதுநீக்கும் திரை தானே வரும். அதன் வழியாக சேஃப் மோடுக்குள் போகலாம். அங்கே படம் தெளிவாக வருமானால் கார்டையும் கேபிளையும் இப்போதைக்கு விடுதலை செய்துவிடலாம். பழைய கார்டின் டிரைவர் தன் மிச்சசொச்சங்களை விட்டுச் சென்றிருக்கும். ஏஎம்டியிலிருந்து என்விடியாவுக்கோ அங்கிருந்து இங்கோ மாறியவர்களுக்கு இத்தொல்லை அதிகம். டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவச மென்பொருளால் சேஃப் மோடிலேயே வேரோடு களைந்துவிட்டு, புதிய டிரைவரைப் போடுங்கள். அந்நேரம் இணையக் கேபிளைப் பிடுங்கி வைப்பது உத்தமம். இல்லாவிடில் நீங்கள் ஒன்றைக் களைந்து முடிக்குமுன் விண்டோஸ் அப்டேட் தன் இஷ்டத்துக்கு மற்றொன்றை நிறுவிவிடும். போடும் டிரைவரும், விளையாட்டுக்காரர்களுக்கென்று அடிக்கடி வருவதாக இல்லாமல், 2019 முதல் என்விடியா நம் போன்ற தொழிலாளருக்கென வெளியிட்டுவரும் ஸ்டூடியோ டிரைவராக இருக்கட்டும். விண்டோஸ் 7-ஐ விடமாட்டேன் என்று இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதற்கான வழக்கமான டிரைவர் வெளியீட்டை என்விடியா 2021-இலேயே நிறுத்திவிட்டதனால், 2022 முதல் வந்த ஆர்டிஎக்ஸ் 40 வரிசைக் கார்டை அக்கணினியில் வைத்து டிரைவருக்காகத் தவங்கிடப்பதில் பயனில்லை.

படம் வந்துவிட்டது; ஆனால் பழைய படமாக இல்லை. கார்டு மாற்றிய பின் உங்கள் தொழிலுக்கு நேரும் உண்மையான நஷ்டம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது என்று நான் கருதுகிறேன். இருண்ட திரை உங்களை எச்சரித்துவிடும், பொய் சொல்லும் திரை எச்சரிக்காது. எச்டிஎம்ஐ வழியாகப் படம் போகும்போது கார்டு சில வேளைகளில் மானிட்டரைத் தொலைக்காட்சி என்று எண்ணிக்கொண்டு, 0 முதல் 255 வரை உள்ள ஒளியளவை 16 முதல் 235 வரை சுருக்கி அனுப்பும். மானிட்டர் அதை அறியாவிட்டால் கறுப்பு சாம்பலாகி, படம் முழுவதும் சோகை பிடித்ததுபோல் வெளிறும். வெளிறியதாகக் கண்ட படத்துக்கு நீங்கள் கான்ட்ராஸ்ட் ஏற்றுவீர்கள். லேபிலிருந்து பிரிண்ட் வரும்போது மாப்பிள்ளையின் கோட்டும் மணப்பெண்ணின் கூந்தலும் விவரமே தெரியாத கறுப்புத் திட்டாக வந்து சேரும். என்விடியா கண்ட்ரோல் பேனலில், ரெசல்யூஷன் மாற்றும் பக்கத்தின் அடியில், நிற வடிவத்தை ‘ஆர்ஜிபி’ என்றும் அளவை ‘ஃபுல்’ என்றும் வைத்தால் இது தீரும்.

எழுத்தின் விஷயம் இன்னும் நூதனமானது. 4கே டிவியை மானிட்டராக வைத்துக்கொண்டு அழைப்பிதழ் அமைப்பவர்கள், அரக்கு நிறப் பின்புலத்தில் சிவப்போ மஞ்சளோ ஆன தமிழ் எழுத்துகளின் சுழிகள் ஓரம் கரைந்து தெரிவதாகக் குறைகூறுவார்கள். எழுத்துருவில் குற்றமில்லை. எச்டிஎம்ஐ 1.4 கேபிள்வழி 4கே படம் விநாடிக்கு 30 தடவைதான் முழு நிறத்தோடு போகமுடியும். 60 வேண்டும் என்றால் 2.0 முறை இருமுனையிலும் வேண்டும். இல்லாதபோது, ஒளியின் விவரத்தை முழுதாக வைத்துக்கொண்டு நிறத்தின் விவரத்தைக் கால்பங்காகக் குறைத்து அனுப்பும் உபாயத்தைச் சில கருவிகள் கையாள்கின்றன. வீடியோவில் இது கண்ணுக்குத் தெரியாது. நிறத்தின்மேல் நிறமாக எழுதிய எழுத்தில் அப்பட்டமாகத் தெரியும். டிவியின் மெனுவில் அந்த எச்டிஎம்ஐ துளையைப் ‘பிசி’ என்று பெயரிட்டு, கேபிளையும் தரமானதாக மாற்றினால் ‘ணை’யும் ‘ஞ’வும் மறுபடி துலங்கும்.

காலிப்ரேஷன் செய்துகொண்டவர்கள் ஒன்றை மறக்கலாகாது. உங்கள் மானிட்டருக்காக அளந்து தயாரித்த நிறத் திருத்தம் கார்டின் உள்ளட்டவணையில் ஏற்றப்படுவது; கார்டு மாறியபின் விண்டோஸ் அந்த மானிட்டரைப் புதிய ஒன்றாகப் பாவித்து, பழைய புரொஃபைலைத் துண்டித்துவிடக்கூடும். கலர் மேனேஜ்மென்ட் பகுதியில் அது இன்னும் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இயன்றால் மறுபடி அளவெடுங்கள். கருவி இல்லாதவர்கள், முன்பு லேபில் நன்றாக வந்த ஒரு பிரிண்டைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து முகத்தின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதாவது செய்யவேண்டும்.

வேலையின் நடுவே இருள்வதைப் பற்றிச் சுருக்கமாக: விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து ஒரு ஏற்பாடு உண்டு, கார்டு 2 விநாடிக்குள் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதைத் தட்டி எழுப்பும். திரை ஒரு கணம் கறுத்து மீள்வது அதனால்தான். ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணோடு அது பதிவாகியிருக்கும். திரை கறுத்து விசிறிகள் முழுவேகத்தில் அலறினாலும், கணினியே மறுபடி எழும்பினாலும் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். கரண்ட் போகும் வேளையில் மாத்திரம் அப்படி நேர்ந்தால் யுபிஎஸ்ஸைப் பாருங்கள். சாதாரண 600 விஏ யுபிஎஸ் தாங்குவது 360 வாட் அளவே, ரெண்டர் நடுவில் பெரிய கார்டும் மானிட்டரும் சேர்ந்து அதைத் தாண்டிவிடும். வெறுமனே இருக்கையில் விசிறி சுற்றவில்லையே என்று பதறவேண்டாம். சூடு ஏறும்வரை சும்மா இருப்பது இக்காலக் கார்டுகள் பலவற்றின் இயல்பு.

கடைசியாக, கார்டே குற்றவாளியாகும் சந்தர்ப்பம். பயாஸ் திரையிலேயே, டிரைவர் என்பது இன்னும் வராத அந்த நிலையிலேயே, கோடுகளும் கட்டங்களும் நிறப்புள்ளிகளும் தெரிந்து, வேறு கேபிளிலும் வேறு மானிட்டரிலும் வேறு கணினியிலும் அவை அப்படியே பின்தொடர்ந்தால், கார்டின் நினைவகமோ சில்லோ சிதைந்திருக்கிறது, வாதத்துக்கு இடமில்லை. பழைய கார்டு வாங்குவோர் மேலும் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். 2022 செப்டம்பர் 15-இல் எத்தீரியம் என்னும் மின்னணு நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டு, கார்டுகளால் நாணயம் தோண்டுவதை ஒழித்த பிறகு, இரவுபகலாக உழைத்த கார்டுகள் சந்தைக்கு ஏராளமாக வந்தன. அவற்றுள் தோண்டுவதற்கென்றே 2017-இல் செய்யப்பட்ட பி106-100 என்பதில் மானிட்டர் மாட்டத் துளையே கிடையாது. அதைவிடக் கொடியது போலிக் கார்டு: 2010, 2011-ஆம் வருஷத்து ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ சில்லுகளின் பயாஸைத் திருத்தி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று பெயர் சூட்டி விற்றார்கள். முறையான டிரைவரைப் போட்டவுடன் திரை இருளும். அல்லது டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணத்தோடு ‘கோட் 43’ நிற்கும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் 2018 முதல் இத்தகைய சில்லுகளைக் கண்டால் பெயருக்கு முன்னாலேயே போலி என்று எழுதிவிடுகிறது. விலை பேசி முடிக்குமுன் கடையிலேயே அதை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் சரி, உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு எதிரிலும் சரி, நேர்மையான வியாபாரி இதற்குக் கோபித்துக்கொள்ளமாட்டார்.

புதிய கார்டைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போதும், பில், பெட்டி, கார்டின் சீரியல் எண் ஒட்டிய காகிதம் ஆகிய மூன்றும் கிழியாமல் இருக்கட்டும். படம் எந்தக் கணத்தில் மறைந்தது, எந்த எஸ்.எம்.பி.எஸ்., எந்த மதர்போர்டு, எந்தத் துளை, எந்தக் கேபிள், வேறு கணினியில் என்ன ஆயிற்று என்பவற்றை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, பயாஸ் திரையில் தெரிந்த கோடுகளை போனில் ஒரு படமும் எடுத்துக்கொண்டு போங்கள். ‘டிஸ்ப்ளே வரல’ என்ற இரண்டு வார்த்தையோடு வருகிறவரைக் காத்திருக்கச் சொல்லும் சர்வீஸ்காரர், அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போடுவார்.

இப்படிக்கு,
கணினிகளின் உட்புறத்தோடு பழகிய உங்கள் நண்பன்